இந்துவுக்குக் குடுத்துவிட்ட பை

வண்டி எதுக்கு இப்ப நிக்குது? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டு இப்பத்தானே வெளிய வந்துச்சு. கையைக் காட்டுறவங்களுக்கெல்லாம் நிறுத்திக்கிட்டே போனா கரூருக்கு எப்பப் போய்ச் சேருறது. நீயும் கரூருதானாம்மா? நல்லது. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரு, இந்தப் பையில இடிபடாம. இல்ல இல்ல, மேல வைக்கிற சாமானில்ல இது. கீழயும் வைக்க முடியாது. மடிதான். டிரைவரு, பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல வைங்கன்னாரு. வெச்சேன். தொட்டுப் பாத்தா தோசைக்கல்லு மாதிரி சுடுது. எடுத்துட்டு வந்துட்டேன்.

முறைச்சாரு. முறைக்கட்டும். வண்டியில குடுத்துவிடுற பார்சல்னா அவருக்கு எல்லாம் ஒண்ணுதான், புளியும் ஒண்ணு, பூவும் ஒண்ணு. உண்மையைச் சொல்லணும்னா நானும் பார்சல் குடுக்கத்தான் வந்தேன். எம்மக போன்ல அப்படித்தான் சொன்னா. 'அம்மா, கரூர் வண்டி டிரைவர்கிட்ட குடுத்து விடு. வண்டி நம்பரை மட்டும் சொல்லு. சாப்பாட்டு நேரத்துல பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கறேன்.' குடுத்தேன். நம்பரைச் சொன்னேன். போனை வெச்சேன். வண்டி நகந்துச்சு. எனக்குக் கீழ நிக்க முடியல, ஓடி ஏறிட்டேன். 'பார்சலுக்குத் துணைக்கு ஆளு வருதா'ன்னு கண்டக்டரு கேக்குறான். டிக்கெட்டைக் குடுய்யான்னேன்.

நான் வர்றது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.

அந்த ஒயரைக் காதுல மாட்டாதம்மா, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு வருவோம். எனக்குச் சும்மா உக்காந்து வர முடியாது. கையும் காலும் என்னமோ பண்ணும். உள்ள என்ன இருக்குன்னு நீயே கேப்பேன்னு பாத்தேன். சார்ஜரு. போன் சார்ஜர் இல்ல. எம்மக நெஞ்சுக்குள்ள ஒரு மிஷின் இருக்கு. அதுக்கு.

பயந்துக்காத. இருதயமெல்லாம் நல்லாருக்கு. அவளுக்கு வலிப்பு. நாலு வயசுலருந்து. அதுக்குத்தான் மிஷின். தலைக்குள்ள ரெண்டு கம்பி விட்டிருக்காங்க, நூல் மாதிரி. அது காதுக்குப் பின்னால தோலுக்கு அடியிலயே இறங்கி, இந்தா, இந்தக் காறை எலும்புக்குக் கீழ ஒரு மிஷின்ல போய்ச் சேருது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. அதுலருந்து மூளைக்குத் துளித்துளியா கரண்டு போய்க்கிட்டே இருக்கும். மூளைக்குள்ள ஒரு கலவரம் கிளம்பும்போது அதை எழும்பவிடாம அமுக்கிரும்னு டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு. எனக்கு ஒண்ணுதான் புரிஞ்சுச்சு. எம்மக தலைக்குள்ள கரண்டு.

நீ காதுக்குள்ள மாட்டுற, அவளுக்குக் காதுக்குப் பின்னால. அவ்வளவுதான் வித்தியாசம்னு அவ சொல்லிச் சிரிப்பா. அவளுக்கு எல்லாம் சிரிப்புதான்.

சார்ஜரு பெருசா ஒண்ணுமில்ல. ஒரு வட்டத் தட்டு, ஒரு பட்டை, ஒரு ஒயரு. பட்டையைத் தோள்ல மாட்டி, தட்டை மிஷின் இருக்கிற இடத்துல துணிக்கு மேலயே வெச்சுக்கிட்டு உக்காரணும். தோலைத் தாண்டி உள்ள சார்ஜ் ஏறிரும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டதும் நான்தான் எடுத்துக் குடுப்பேன். சாம்பிராணி காட்டிட்டுக் குடுப்பேன். சிரிக்காத. அது எம்மக உயிரில்லையா?

அதைத்தான் மறந்துட்டுப் போயிட்டா பாரு. இதுதான் பொறுப்பு. தனியா இருந்துக்குவேன், தனியா இருந்துக்குவேன்னு ஒரு வருஷமா ஒரே பாட்டு. முத முதல்ல வீட்டை விட்டுப் போறவ எதை மறக்கணும், எதை மறக்கக் கூடாது?

என்ன வண்டி ஓட்டுறாரு இவரு, கட்டை வண்டி மாதிரி. வேடசந்தூரே இன்னும் வரல.

கரூர்ல ஒரு கம்பெனியில வேலை. ஜன்னலுக்குப் போடுற திரை, மெத்தை விரிப்பு எல்லாம் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாங்களாம். இவ அதை விரிச்சுப் பாத்து, நூல் பிசிறு இருந்தா வெட்டணும். கத்திரி வெச்சு. நாள் பூரா கையில கத்திரி. அதைக் கேட்டதும் வேணவே வேணாம்னு சண்டை போட்டேன். அப்புறம் யோசிச்சேன், சரி, கையில எப்பவும் இரும்பாச்சும் இருக்கே.

உங்க வீட்டுலயெல்லாம் தெரியாதா? வலிப்பு வந்தா கையில இரும்பைக் குடுப்போம். இந்தா, இந்தச் சாவிக்கொத்து. என் இடுப்புலயே இருக்கும், தூங்கும்போது கூட. தூக்கிப் பாரு, என்ன கனம். எங்க வீட்டுக்காரரு பூட்டுப் பட்டறையில வேலை. இந்து சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவருக்குச் சோறு கொண்டு போனேன், இவளும் கூட வந்தா. அங்கயே வந்துருச்சு. முத தடவை. எனக்கு என்னன்னே தெரியல, கத்துறேன். பட்டறையில இருந்த ஒருத்தரு, கழிச்சுப் போட்ட சாவியெல்லாம் கோத்து வெச்ச வளையத்தை எடுத்து இவ உள்ளங்கையில திணிச்சாரு. அடங்கிருச்சு. அந்தக் கொத்துதான் இது. அன்னைக்கு எடுத்து இடுப்புல சொருகுனவதான். இதுல ஒண்ணு கூட எந்தப் பூட்டையும் திறக்காது, எல்லாம் பல்லு தப்பா வெட்டுனது. எங்க வீட்டுச் சாவி மட்டும் அப்புறமா நான் கோத்தது. இந்தா, இந்தப் பித்தளை.

டாக்டர் திட்டுவாரு. 'இரும்பெல்லாம் குடுக்காதீங்கம்மா, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, அது தானா நின்னுரும்'பாரு. தானா நிக்குமாம். அப்ப இத்தனை வருஷமா நான் எதுக்கு ஓடுனேன்? கேக்குறேன். தானா நிக்கிறதுக்கு நான் எதுக்கு?

சரி, அதை விடு.

அவ ஸ்கூல்ல படிக்கும்போது வாசக் கேட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வாட்ச்மேனே என்னை நம்பிக் கடைக்குப் போயிட்டு வருவாரு. காலேஜுக்கும் போனேன். மூணு வருஷம், பி.காம். அவ உள்ள, நான் வெளிய வேப்பமரத்தடியில. நானும் பி.காம் முடிச்ச மாதிரிதான்னு எங்க வீட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு. அவளும் சிநேகிதிங்களுமா நாலு பேரு சினிமாவுக்குப் போனா அஞ்சாவது டிக்கெட் எனக்கு. அப்புறம் அந்தப் பிள்ளைங்க கூப்பிடுறதில்ல. கூப்பிடாததும் நல்லதுக்குத்தான். தியேட்டர் இருட்டுல என்னன்னு பாக்குறது?

எங்க வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பூட்டுக்காரர் வீட்டுல தாழ்ப்பாள் இல்லைன்னா ஊரே சிரிக்கும். நான்தான் கழட்டச் சொன்னேன். உள்ள விழுந்துட்டா? கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருப்பேன். அவ ம், ம்னு சொல்லணும். ம் நின்னா நான் உள்ள போயிருவேன். அப்படி எத்தனை தடவை காப்பாத்தியிருக்கேன். சில தடவை சும்மாவும் பேசாம இருப்பா, என்னைச் சோதிக்க. போனதும் துண்டை இழுத்துப் போத்திக்கிட்டு முறைப்பா. பெத்தவகிட்ட என்ன வெக்கம்?

வேடசந்தூரு வந்துருச்சா? அய்யோ, இறங்கி டீக்குடிக்கப் போறாங்க. கண்டக்டரு தம்பி, எவ்வளவு நேரம் நிக்கும்? சீக்கிரம் வாங்கப்பா, அவசரம். பாத்தியா, காதுல வாங்குனானா பாரு.

என்ன கேட்டே? மிஷின் வெச்சு நின்னுச்சான்னா? நின்னுச்சு. உடனே இல்ல. மாத்திரை மாத்தி மாத்திப் பாத்து ஒண்ணுக்கும் கேக்காமத்தான் இதுக்குப் போனோம். வெச்ச அன்னைக்கு மொட்டை போட்ட தலையில கட்டோட, என்னைப் பாத்து, 'அம்மா, நான் ரீசார்ஜ் பண்ணுற ஆளாயிட்டேன்'னா. எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. அப்புறம் ஒவ்வொரு மாசமும் போய் டாக்டர் ஒரு கருவியை நெஞ்சு மேல வெச்சு கரண்டைக் கூட்டிக் குறைச்சாரு. கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. வாரம் ரெண்டு மூணு வந்தது, மாசம் ஒண்ணாச்சு. அப்புறம் அதுவும் இல்ல. இப்ப வருஷம் ஒண்ணு தாண்டிருச்சு. மாத்திரை இன்னும் உண்டு, அளவு குறைச்சிருக்கு.

எல்லாரும் வந்து, 'தவமணி, உனக்கு விடிஞ்சிருச்சு'ன்னாங்க. விடிஞ்சிருச்சுதான். நான் இல்லைன்னா சொல்றேன்? கோயிலுக்கு நேந்தது எல்லாம் செஞ்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. வலிப்பு இருந்தப்ப அது எப்ப வரும்னு எனக்குத் தெரியும். அவ முகத்துல ஒரு வெறிச்ச பார்வை வரும், உதட்டைச் சப்புவா, நான் அதுக்குள்ள சாவியோட போயிருவேன். இப்ப வெளிய ஒண்ணும் தெரியல. உள்ளயே வருதாம், உள்ளயே அமுங்குதாம். நான் முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. 'என்னம்மா பாக்குற'ன்னு கேக்குறா. பொட்டு கோணலா இருக்குன்னு சரி பண்ணி விடுறேன்.

அப்புறம் ஆரம்பிச்சா. முதல்ல தாழ்ப்பாள். அப்பாகிட்ட கேட்டா, அவரும் ஒரே நாள்ல மாட்டிக் குடுத்துட்டாரு. அவ உள்ள தாழ் போட்டுக் குளிக்கிற சத்தம் கேக்க எனக்கு என்னமோ பண்ணும். அப்புறம் மாடிக்குத் தனியா போறது. அடுப்புல நிக்கிறது. அப்புறம் சாவி கேட்டா. 'அப்பா, எனக்கும் ஒரு வீட்டுச் சாவி செஞ்சு குடு'ன்னு. எங்க வாசப் பூட்டு அவரு கையால செஞ்சது, ரெண்டு சுத்து சுத்துனாத்தான் திறக்கும், வெளிய எந்தக் கடையிலயும் அதுக்குச் சாவி போட முடியாது. அவருகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. நான் குறுக்க வந்து, 'உனக்கு எதுக்கு சாவி, நான் வீட்டுலதானே இருக்கேன்'னேன். அவரு என்னைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு, சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு நாள் நான் ரேஷன் கடையில மாட்டிக்கிட்டேன். வந்து பாத்தா இவ வாசப்படியில வெயில்ல உக்காந்திருக்கா, முகமெல்லாம் சிவந்து. எவ்வளவு நேரம்டின்னு கேட்டேன். எழுந்து வழியை விட்டா. அவ்வளவுதான்.

இரு, போனு அடிக்குது. அவதான். பேசாம இரு.

சொல்லு இந்து. ஆமா, குடுத்தாச்சு. வண்டி எங்க வருதுன்னா எனக்கு எப்படித் தெரியும், நான் வீட்டுல இருக்கேன். வேடசந்தூர் வந்திருக்கும். ஒரு கணக்குல சொல்றேன். சாப்பிட்டியா? என்ன சத்தமா? டிவி. டிவிம்மா. ஆமா, பஸ்ஸு வர்ற மாதிரி ஒரு படம். சரி. சரி. உன் மிஷின் ரிமோட்டுல சார்ஜு என்ன காட்டுது? இன்னும் அதே குறிதானா? நாளைக்கு வரைக்கும் தாங்குமா? நல்லாத் தெரியுமா? சரி வெச்சுடறேன், இங்க குக்கர் விசில் அடிக்குது.

இந்தாளு எதுக்கு இப்பப் போய் ஹாரன் அடிக்கிறாரு? ஏறுறவங்க தானா ஏற மாட்டாங்களா?

நம்பிட்டா. நம்பியிருப்பா.

நான் எதுக்குப் பொய் சொல்றேன்னு நீ பாக்குற. தெரியுது. அவ என்னை வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. பெத்த தாயை. 'ஆறு மாசத்துக்கு நீ கரூர் பக்கம் வராத, நானே வர்றேன்'னு. காரணம் கேட்டா ஜெராக்ஸ் கடையைச் சொல்லுவா. இதுக்கு முன்னால திண்டுக்கல்லயே கோர்ட்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலைக்குப் போனா. நல்ல கடை. நான் மறுநாளே போய் அந்த முதலாளிகிட்ட நல்லவிதமா சொன்னேன். என் பொண்ணுக்கு இப்படி இருக்கு, தலைக்குள்ள மிஷின் இருக்கு, மாடிக்கு அனுப்பாதீங்க, கரண்டு மிஷின் பக்கத்துல ரொம்ப நிக்க விடாதீங்க, இந்தச் சாவி ஒண்ணை மேஜையில வெச்சுக்குங்க, ஏதாச்சும்னா கையில குடுங்கன்னு. அந்தாளு பவ்யமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். சாயங்காலமே அவளை நிறுத்திட்டான். மனுசங்க இப்படித்தான் இருக்காங்க. நம்ம நல்லதுக்குச் சொன்னா அவங்க வேற மாதிரி எடுத்துக்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? இவ என்னமோ நான்தான் வேலையைப் பிடுங்குன மாதிரி மூணு நாள் பேசல.

இந்தக் கம்பெனியில அவளே சொல்லிட்டாளாம், சேரும்போதே. இப்படி இருந்துச்சு, இப்ப மிஷின் இருக்கு, டாக்டர் வேலைக்குப் போகலாம்னு எழுதிக் குடுத்திருக்காருன்னு. அவங்களும் சரின்னுட்டாங்களாம். நம்ப முடியுதா? அதான் நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு ஆறும். கம்பெனிக்குள்ள போக மாட்டேன். ஹாஸ்டல் வார்டன்கிட்ட மட்டும். அந்தம்மாவுக்கு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கத் தெரியுமா, மேல் கட்டிலைக் குடுத்திருக்காங்களா கீழ் கட்டிலா, அது மட்டும்தான். நீயே சொல்லு, மேல் கட்டில்லருந்து விழுந்தா? சொல்லு.

நீ தனியாத்தான் போறியா? காலேஜா? ஹாஸ்டல்லயா? உங்க அம்மா விடுறாங்களா? நல்ல தைரியமான பிள்ளை. இப்படித்தான் இருக்கணும் பொம்பளைப் பிள்ளைங்க. உங்க அம்மாவைச் சொல்லணும்.

வண்டி இப்பத்தான் கொஞ்சம் வேகமெடுக்குது.

போன உடனே அவளுக்குத் தெரியாதா சார்ஜரு இல்லைன்னா? கேக்குற பாரு, நல்ல கேள்விதான். அவ போன வாரம் ஞாயித்துக்கிழமை கிளம்புனா. அன்னைக்கு முந்துன வெள்ளிக்கிழமை போட்ட சார்ஜு உடம்புல இருக்கு. இந்த வெள்ளிக்கிழமை போடறதுக்குப் பெட்டியைத் திறந்தா இல்ல. அவ எடுத்துத்தான் வெச்சிருந்தா. நான் பாத்தேன். துணிக்கு நடுவுல நல்லா பொதிஞ்சு வெச்சிருந்தா. அவ குளிக்கப் போயிருந்தப்ப நான்தான், தூசியா இருக்கேன்னு, துடைச்சு வைப்போம்னு எடுத்தேன். துடைச்சேன். துடைச்சு ஒரு பத்திரமான இடத்துல வெச்சேன். அதுக்குள்ள ஆட்டோ வந்துருச்சு, அவசரத்துல அது அங்கயே நின்னு போச்சு. அரிசி டிரம்முக்குள்ள. அரிசிக்குள்ள வெச்சா ஈரம் அண்டாது தெரியுமா? போன் தண்ணியில விழுந்தாக் கூட அதுலதானே வைக்கிறாங்க.

ஆட்டோவுல அவளோட அவரு போனாரு. எனக்கு இடமில்லைன்னுட்டாங்க. ரெண்டு பெட்டியும் ஒரு வாளியும் வெச்சா இடம் எங்க இருக்கும்?

வெள்ளிக்கிழமை போன் வந்துச்சு. கத்துவான்னு பாத்தேன். கத்தல. 'அம்மா, சார்ஜரு அரிசி டிரம்முல இருக்கான்னு பாரு'ங்கிறா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். எப்படி நேரா அரிசி டிரம்மைச் சொன்னா? பாத்துட்டு, ஆமா இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போன்னேன். வருவான்னுதான் இருந்தேன். சனிக்கிழமை அவளுக்குப் பிடிச்ச மொச்சைக் குழம்பு வெச்சேன். ஞாயித்துக்கிழமை கறி எடுத்தேன். புதுசா சேந்ததால லீவு போட முடியாதாம், ஞாயித்துக்கிழமையும் வேலையாம். 'குடுத்துவிடும்மா'ங்கிறா. வந்து எடுத்துக்கன்னா, 'குடுத்துவிடும்மா'ங்கிறா. நேத்து அவ ரிமோட்டுல சார்ஜ் குறைஞ்சதுக்கு ஒரு மஞ்சக் குறி வந்துருச்சாம். மிஷின் நின்னுட்டா? கம்பெனியில கத்திரியோட நிக்கும்போது வந்துட்டா? அவரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. 'காலையில முதல் வேலையா நீ குடுத்துவிடலைன்னா நான் பட்டறைக்கு லீவு போட்டுட்டு கொண்டு போவேன்.' கல்யாணமானதுலருந்து அவரு என்கிட்ட அப்படிக் குரலை உசத்திப் பேசுனதே இல்ல.

இத்தனைக்கும் நான்தான் இப்பக் கொண்டு போறேன். யாரு கொண்டு போறா? நான்தானே.

என்னம்மா, ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட? தூக்கமா?

உண்மையைச் சொல்றேன். எனக்கு வீட்டுல இருக்க முடியல. காலையில எந்திரிக்கிறேன், அவருக்குச் சோத்தைக் கட்டிக் குடுக்குறேன், அப்புறம் ஒண்ணுமே இல்ல. குளியலறைக் கதவுக்கு வெளிய போய் நிக்கிறேன். உள்ள யாருமில்ல. ஏதாச்சும் சத்தம் கேட்டா கை தானா இடுப்புக்குப் போகுது. தெருவுல எவனாச்சும் பாத்திரத்தைக் கீழ போட்டாக் கூட ஓடிருவேன். அவ போன மறுநாள் அப்படித்தான், எதுத்த வீட்டுக்குள்ளயே ஓடிட்டேன் சாவியைத் தூக்கிக்கிட்டு. அவங்க பயந்துட்டாங்க. எனக்கு அவ இல்லாம இருக்க முடியலம்மா. அவளுக்கு நான் இல்லாம இருக்க முடியுது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அரவக்குறிச்சி தாண்டியாச்சா? அப்ப வந்துரும். ஒண்ணு பண்ணுறேன் பாரு. பையை டிரைவர்கிட்டயே குடுத்துருவோம், பார்சல் மாதிரியே இருக்கட்டும். அவ முதல்ல வாங்கிக்கட்டும். அப்புறம் நான் இறங்குறேன். வாங்கிட்டா கோவம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். இந்தச் சாவிக்கொத்தையும் உள்ள போட்டுருவோம். ஆமா, இதையும்தான். மிஷின் மிஷினா இருக்கட்டும், இது பக்கத்துல ஒரு மூலையில கிடக்கட்டும். என்ன கேட்டுறப் போகுது. வீட்டுச் சாவியைக் கழட்டவா? நேரமில்லம்மா, இந்த வளையம் லேசுல பிரியாது, அவரு முறுக்குனது. அவளோட தானே திரும்பி வரப்போறேன், அப்ப எடுத்துக்கிட்டாப் போச்சு. அதாவது, நான் மட்டும் திரும்பி வர்றப்ப. அதைத்தான் சொன்னேன்.

டிரைவரு, இந்தாங்க. சூட்டுல வைக்காதீங்க, இந்த மூலையில வைங்க. ஒரு பொண்ணு வந்து கேக்கும், இந்துமதின்னு. நான் இருக்கேன்னு சொல்லிராதீங்க.

கரூருக்குள்ள நுழைஞ்சாச்சு. எனக்கு ஏன் இப்படி வேர்க்குது. நீ இப்படி முன்னால கொஞ்சம் சாஞ்சு உக்காரும்மா, ஜன்னலை மறைச்சாப்ல. நான் ஒளியல. சும்மா, அவ எப்படி இருக்கான்னு முதல்ல பாக்கணும்ல.

அதோ. அந்தப் பச்சைச் சுடிதாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம். கூட ஒரு பிள்ளை நிக்குது பாரு. அய்யோ, லாரி வருது, இந்து, இந்து... கடந்துட்டா. லாரியை விட்டுட்டுத்தான் கடந்தா. எப்படி நடக்குறா பாரு. அந்தப் பிள்ளைகூட என்னமோ பேசிச் சிரிச்சுக்கிட்டு வர்றா. கையில என்ன, வேர்க்கடலைப் பொட்டலமா? ரோட்டுல தின்னுக்கிட்டே நடப்பா, நான் இருந்தா விட மாட்டேன். கொஞ்சம் கறுத்திருக்கா. இளைக்கல. நான் இளைச்சிருப்பான்னு நினைச்சேன்.

டிரைவர்கிட்ட வந்துட்டா. தலையை ஆட்டுறா. பையை வாங்கிட்டா. திறக்குறா. நீ பாத்துச் சொல்லு, நான் குனிஞ்சுக்கிறேன். சார்ஜரை எடுத்துப் பாக்குறாளா? என்ன, சாவியா? கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாளா? என்ன பண்ணுறா? கோவமா இருக்காளா? இந்தப் பக்கம் பாக்குறாளா? பாக்கலையா? ஒரு தடவை கூடவா?

போறாளா? எங்க, நான் பாக்கறேன். போயிட்டாளா அதுக்குள்ள? அந்தப் பச்சை தெரியுதே, அதுதானா?

நான் இறங்கணும். இறங்கணும்மா. முன்னால நிக்கிறவங்க இறங்கட்டும். இந்தா, டிரைவரு எதுக்கு இங்க வர்றாரு?

கேட்டியாம்மா அவரு சொன்னதை? 'இடது பக்க சீட்டுல எங்கம்மா உக்காந்திருப்பாங்க, இதைக் குடுத்துருங்க'ன்னு சொன்னாளாம். 'இறங்க வேணாம், இதே வண்டி இப்பத் திரும்பும், அதுலயே உக்காந்து போகச் சொல்லுங்க, போறதுக்குள்ள ஒரு டீ வாங்கிக் குடுங்க, சீனி கம்மியா'ன்னு சொன்னாளாம். சீனி கம்மியா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது நான் இருக்கேன்னு? திரும்பிக் கூட பாக்காம எப்படித் தெரிஞ்சுது?

இந்தா, சாவிக்கொத்தையும் திருப்பிக் குடுத்துவிட்டுட்டா பாரு. வேணாமாம். இருபது வருஷத்து இரும்பு. வேணாமாம்.

இரு. இது என்ன, பித்தளையைக் காணோம். எங்க வீட்டுச் சாவி. மத்தது எல்லாம் இருக்கு, அதை மட்டும் காணோம். கீழ தேடாதம்மா, விழுந்திருக்காது. இந்த வளையத்தைப் பாரு, பிரிச்சுத் திரும்ப முறுக்கியிருக்கா. நகம் பேந்திருக்கும். வேணும்னேதான் எடுத்திருக்கா.

இவளுக்கு எதுக்கு அது? கரூர்ல இருக்கிறவளுக்குத் திண்டுக்கல் வீட்டுச் சாவி எதுக்கு? அதை வெச்சு இங்க எதைத் திறப்பா?

நீ இறங்கும்மா, உனக்கு நேரமாகுது. நான் இதுலயே இருக்கேன். டீ வரும்ல.

நான் போனாலும் உள்ள போக முடியாது. அவரு சாயங்காலம்தான் வருவாரு. வாசப்படியிலதான் உக்காந்திருக்கணும், வெயில்ல. உக்காந்துக்கறேன். அவரு வந்ததும் இன்னொரு சாவி செஞ்சு குடுங்கன்னு கேக்கணும், எனக்கு. உன்னோடது எங்கன்னு கேப்பாரு. இந்துகிட்ட இருக்குன்னு சொல்லுவேன்.